‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதும், ஆங்கிலம் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. கடினமான நீளச் சொற்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. அவற்றை அகராதியில் பார்த்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ‘ரன்’ தான் எல்லாரையும் தடுக்கி விடுகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்த ஒரு சொல்லுக்கு உண்மையிலேயே நூற்றுக்கணக்கில் அர்த்தம் உண்டா?

உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. பிறகு அகராதியைத் திருத்தி எழுதும்போது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் இந்த ஒரு வினைக்காக ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். ஒரு குழந்தை பிறந்துவிடும் காலம்!

இவ்வளவு பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம் இயந்திரங்கள். ரயில், தறி, மோட்டார், கடைசியாகக் கணினி என்று புதிதாக எது வந்தாலும், அது வேலை செய்வதைச் சொல்ல ஆங்கிலம் புதுச்சொல் தேடவில்லை. கையில் இருந்த ‘ரன்’னையே எடுத்து மாட்டிவிட்டது.

645 என்றதும் பயப்பட வேண்டாம். வழக்கொழிந்தவை, ஒரு தொழிலுக்குள் மட்டும் புழங்குபவை, ‘ரன் அவே’ போன்ற கூட்டுவினைகள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

அப்படியானால் எத்தனையைத்தான் மனப்பாடம் செய்வது?

பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஏனென்றால் நம் ‘ஓடு’ம் இதே வேலையைத்தான் செய்கிறது. நதி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலத்திலும் ‘ரன்’ போடலாம். காலால் ஓடுவது, நீர் ஓடுவது, இயந்திரம் ஓடுவது, ஒரு விஷயம் நிற்காமல் தொடர்ந்து நடப்பது என்ற வரிசை இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

சிக்கல் இரண்டும் பிரியும் இடத்தில்தான். ‘கையும் ஓடலை, காலும் ஓடலை’ என்பதில் உள்ள ஓட்டத்துக்கு ‘ரன்’ உதவாது. ‘பொழுது ஓடவில்லை’ என்பதற்கும் உதவாது. அங்கே நேரம் ‘பாஸ்’ ஆகவில்லை அல்லது இழுக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அதேபோல, மூக்கு ஓடுவதும் சாயம் ஓடுவதும் ஆங்கிலத்தில் சாதாரணம். நமக்கு மூக்கு ஒழுகும், சாயம் போகும்.

முதலில் வந்தது எந்தப் பொருள், காலால் ஓடுவதா, நீர் ஓடுவதா?

இரண்டும் தொடக்கத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வருகின்றன. பழைய ஆங்கிலத்தில் இருந்த ‘ரின்னன்’ என்ற வினைதான் இதன் மூதாதை. ஜெர்மன் மொழியில் இதன் உறவுக்காரர்கள் இன்னும் இரண்டு தனிச்சொற்களாகவே வாழ்கிறார்கள்: ‘ரின்னன்’ என்றால் ஒழுகுவது, ‘ரென்னன்’ என்றால் வேகமாக ஓடுவது. ஆங்கிலத்தில் இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே ‘ரன்’ என்று பெயர். நாம் ஓடு என்பதிலிருந்து ஓடை என்கிறோம் அல்லவா, அதே போக்கு. வர்ஜீனியாவில் ‘புல் ரன்’ என்று ஓர் ஓடை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861லும் 1862லும் இரண்டு பெரிய சண்டைகள் அதன் அருகே நடந்தன. ‘புல் ரன் போர்’ என்பதைக் ‘காளை ஓட்டப் போர்’ என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். சிரித்துக்கொண்டே திருத்தினேன். ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரத் தெருக்களில் காளைகள் ஓடுவது வேறு கதை. அதில் உண்மையிலேயே காளைகள் ஓடும்.

‘ஐ ரன் எ கார்’ என்றால் கார் ஓட்டுகிறேன் என்றுதானே பொருள்?

இல்லை. தமிழர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் ஓடு, ஓட்டு என்று இரண்டு வினைகள் உண்டு. வண்டி ஓடுகிறது; நாம் அதை ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் ‘ரன்’ இந்த இரண்டு வேலையையும் வடிவம் மாறாமல் செய்யும். அதனால் ஓட்டு என்று வந்தாலே ‘ரன்’ போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவதற்கு ‘டிரைவ்’ தான். ‘ஐ ரன் எ ஸ்மால் கார்’ என்று ஒருவர் சொன்னால், சின்ன கார் ஒன்று வைத்திருக்கிறேன், அதன் எரிபொருள், இன்சூரன்ஸ், சர்வீஸ் செலவையெல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். ‘ஷி டிரைவ்ஸ் எ பஸ்’ என்றால் அவர் ஓட்டுநர். ‘ஷி ரன்ஸ் எ பஸ் கம்பெனி’ என்றால் நிறுவனம் அவர் கையில். அவருக்கு லைசென்ஸ்கூட இல்லாமல் இருக்கலாம்.

இதைச் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் ‘ஐ வில் ரன் யூ டு தி ஸ்டேஷன்’ என்ற வாக்கியத்தோடு வந்து நிற்பார். அதில் வண்டி ஓட்டுவது உண்டுதான்: உன்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். ‘ரன்’னுக்குப் பின்னால் வருவது ஓர் ஆள், அப்புறம் ஓர் இடம் என்பதைக் கவனியுங்கள். பின்னால் என்ன வருகிறது என்பதைப் பார்த்தால் பொருள் தானாகத் தெரிந்துவிடும். பின்னால் நிறுவனம் வந்தால் நடத்துவது, இயந்திரமோ மென்பொருளோ வந்தால் இயக்குவது. ‘ரன் எ டெஸ்ட்’ என்றால் சோதனை செய்து பார்ப்பது. ‘ரன் எ பாத்’ என்றால் குளியல் தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டு நிரப்புவது. பத்திரிகை ஒரு செய்தியை ‘ரன்’ செய்தால் வெளியிடுகிறது. சிவப்பு விளக்கை ‘ரன்’ செய்தால் சிக்னலை மதிக்காமல் போய்விட்டார். ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது.

கம்பெனியை அவர்கள் ஓட வைக்கிறார்கள், நாம் நடக்க வைக்கிறோம். நடத்து என்பது நட என்பதிலிருந்து வந்ததுதானே. நாம் ‘ஓட்டுகிறேன்’ என்று சொன்னால் அதில் ஒரு பெருமூச்சு இருக்கும். ‘வியாபாரம் எப்படிப் போகுது?’, ‘ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்.’ இதை ‘ஐயம் ரன்னிங் எ பிசினஸ்’ என்று மொழிபெயர்த்தால் பெருமூச்சு காணாமல் போய், ஆள் தொழிலதிபராகிவிடுவார். அந்த இடத்தில் ‘கெட்டிங் பை’ சரியாக இருக்கும்.

‘ஐ ஹேவ் ரேன்’ சரியா?

தவறு. ரன், ரேன், மறுபடியும் ரன். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ இவற்றுக்குப் பின்னால் எப்போதும் ‘ரன்’ தான். கம், கேம், கம் என்பதும் இதே மாதிரி.

துணியில் சாயம் போனால் ‘ஃபேட்’ என்பதா, ‘ரன்’ என்பதா?

நல்ல கேள்வி, ஏனென்றால் இரண்டையும் நாம் ‘சாயம் போகுது’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். புதுச் சிவப்புச் சட்டையை வெள்ளைத் துணிகளோடு ஊறப்போட்டு, வெள்ளை எல்லாம் இளஞ்சிவப்பாகி விட்டால் அது ‘ரன்’. சாயம் தண்ணீரில் இறங்கி அடுத்த துணிக்குப் போய்விட்டது. அதே சட்டை மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து வெளிறினால் அது ‘ஃபேட்’. கடைக்காரரிடம் புகார் சொல்லும்போது இரண்டும் வேறு வேறு புகார்கள்.

மூக்கு விஷயத்தில் ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ சரி. ஆனால் ‘ரன்னிங் நோஸ்’ என்பது நம் பக்கத்துப் பழக்கம். மற்ற இடங்களில் ‘ரன்னி நோஸ்’ என்பார்கள்.

‘தி ரன்ஸ்’ என்று மருத்துவரிடம் சொல்லலாமா?

சொன்னால் புரியும், வயிற்றுப்போக்கு என்பதற்கான கொச்சை அது. ஸ்கோர் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ ஆவதும், பால் ‘ரன் அவுட்’ ஆவதும் ஒன்றா?

தொடர்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட்டில் ‘அவுட்’ என்பது ஆட்டமிழப்பு. ஓடும்போது கோட்டுக்கு வெளியே இருக்கையில் ஸ்டம்பில் பந்து பட்டால் ரன் அவுட். ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்பதில் ‘அவுட்’ என்பது தீர்ந்துபோவதைக் காட்டுகிறது. பால் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ‘ஆஃப்’ விட்டுப்போகக் கூடாது. பொருளையே எழுவாயாக வைத்தால் மட்டும் ‘ஆஃப்’ வேண்டாம்: ‘தி மில்க் ரேன் அவுட்’.

‘ரன்’னோடு ஒட்டும் இந்தச் சின்னச் சொற்கள்தான் பெரிய தொல்லை. ‘ஐ ரேன் இன்டு யுவர் பிரதர்’ என்று முதன்முதலாக ஒருவர் என்னிடம் சொன்னபோது, தம்பிமேல் மோதிவிட்டார் என்று நினைத்து ‘அடி பட்டதா?’ என்று கேட்டேன். எதேச்சையாகப் பார்த்தாராம். ‘ரன் இன்டு’ என்பதற்கு மோதுவது என்ற பொருளும் உண்டு. அங்கே பெரும்பாலும் ஒரு வண்டியோ சுவரோ இருக்கும். ‘ரன் ஓவர்’ என்றால் மேலே வண்டி ஏற்றிவிடுவது, கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவது. ‘ரன் த்ரூ’ என்றால் விறுவிறுவென்று ஒருமுறை பார்த்துவிடுவது, அல்லது ஒத்திகை. ‘ரன் அப் எ பில்’ என்றால் கடனை ஏற்றிக்கொண்டே போவது.

அலுவலகத்தில் ‘ரன் இட் பை மீ’ என்று மேலதிகாரி சொன்னால் எங்கும் ஓட வேண்டாம். செய்வதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்கிறார்.

கிரிக்கெட்டில் ஓடாமல் கிடைத்தாலும் அதை ஏன் ‘ரன்’ என்கிறார்கள்?

தொடக்கத்தில் ஓடித்தான் எடுத்தார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் நான்கு, தரையில் படாமல் தாண்டினால் ஆறு; பேட்ஸ்மேன் நின்ற இடத்திலேயே நிற்கலாம். வைடு, நோபால் என்றால் மட்டையே தொடாமல் ஒன்று. ஓடி எடுத்தாலும் 22 கஜம் முழுவதும் ஓடத் தேவையில்லை. ஸ்டம்புகளுக்கு இடையே 66 அடி; இரு முனையிலும் கிரீஸ் கோடு 4 அடி உள்ளே தள்ளி இருப்பதால் கோட்டுக்குக் கோடு 58 அடிதான்.

பேஸ்பாலிலும் ‘ரன்’ உண்டு, ஆனால் அங்கே அது அரிய பொருள். பேஸுக்குப் பேஸ் 90 அடி, நான்கையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன். ‘ஐந்து ரன் வித்தியாசத்தில் வெற்றி’ என்பது பேஸ்பாலில் பெரிய வெற்றி, கிரிக்கெட்டில் மயிரிழை.

தேர்தலில் ‘ரன்’ பண்ணுகிறார்களா, ‘ஸ்டேண்ட்’ பண்ணுகிறார்களா?

அமெரிக்காவில் ஓடுகிறார்கள், பிரிட்டனில் நிற்கிறார்கள். தமிழில் நாமும் நிற்கிறோம். இரண்டு நாட்டுக்கும் ஒத்துப்போகாத இன்னொரு ‘ரன்’, பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் நூல் பிரிந்து நீளமாகக் கோடு விழுவது. அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள், பிரிட்டனில் அது ‘லேடர்’, அதாவது ஏணி. பிரிந்த இடத்தை உற்றுப் பார்த்தால் ஏணிப்படி மாதிரியே இருக்கும்.

நீதிமன்றச் செய்தியில் தண்டனை எப்படி ‘ரன்’ ஆகும்?

‘தி சென்டென்சஸ் வில் ரன் கன்கரன்ட்லி’ என்று வருவதைக் கேட்கிறீர்கள். நம் நாளிதழ்களில் ‘தண்டனையை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று வருமே, அதுதான். ஒரு குற்றத்துக்கு 3 ஆண்டு, இன்னொன்றுக்கு 5 ஆண்டு என்றால், இரண்டும் ஒரே சமயத்தில் ஓடி மொத்தம் 5 ஆண்டில் முடியும். ‘கன்செக்யூட்டிவ்லி’ என்று தீர்ப்பில் இருந்தால் ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும், 8 ஆண்டு. குத்தகை, ஒப்பந்தம் எல்லாம் ‘ரன்’ ஆவதும் இதே பொருளில்தான்: இத்தனை காலத்துக்குச் செல்லும் என்று.

‘பேங்க் ரன்’ என்றால்?

வங்கி மூழ்கப்போகிறது என்ற பயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கக் கிளம்புவது. எந்த வங்கியும் போட்ட பணத்தை எல்லாம் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை. பெரும்பகுதி கடனாக வெளியே போயிருக்கும். அதனால் நன்றாக இருக்கும் வங்கியைக்கூட இந்தப் பயம் சாய்த்துவிடும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளுக்கு வெளியே மக்கள் நீள வரிசையில் நின்றார்கள். இத்தனைக்கும் அது ‘ரன்’. ஆனால் படங்களில் பார்த்தால் ஒருவரும் ஓடவில்லை, எல்லாரும் பொறுமையாக நிற்கிறார்கள். தமிழில் ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதாதீர்கள், வங்கியே ஓடிப்போனது போல இருக்கிறது. ‘பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள்’ என்று எழுதினால் படிப்பவருக்கு விளங்கும்.

‘ரன் லோ’, ‘ரன் லேட்’ என்பதில் ஓட்டம் எங்கே இருக்கிறது?

இல்லை. அங்கே ‘ரன்’ ஏறக்குறைய ‘ஆகு’ என்ற வேலையைச் செய்கிறது. ‘ரன்னிங் லோ’ என்றால் குறைந்துகொண்டு வருகிறது, ‘ரன் டிரை’ என்றால் வறண்டுபோவது, ‘ஐயம் ரன்னிங் லேட்’ என்றால் எனக்குத் தாமதமாகிறது. கடைசியில் சொன்னதை வீட்டில் உட்கார்ந்துகொண்டே அனுப்பலாம், பலரும் அனுப்புகிறார்கள்.

சேர்த்து எழுதினால் பொருள் மாறுமா?

மாறும். ‘ரன் டவுன்’ என்று பிரித்து வினையாக எழுதினால் மட்டம் தட்டிப் பேசுவது, அல்லது பேட்டரி தீர்ந்துபோவது. நடுவில் சிறு கோடு போட்டால் பழுதடைந்த கட்டடத்தையோ களைத்துப்போன ஆளையோ சொல்லும் அடைமொழி. ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் விவரத் தொகுப்பு. பேசும்போதும் வேறுபாடு கேட்கும்: பெயர்ச்சொல்லில் அழுத்தம் ‘ரன்’மேல் விழும், வினையில் ‘டவுன்’மேல்.

நாமாகப் பேசும் ‘ரன்னிங்’ ஆங்கிலத்தில் எவை செல்லும்?

‘ரன்னிங் பஸ்ஸில் ஏறாதே’ செல்லாது. ‘மூவிங் பஸ்’ என்க வேண்டும். ‘ரன்னிங் ரேஸ்’ என்பதில் ‘ரேஸ்’ மட்டும் போதும். ஆனால் மர வேலை செய்பவர்கள் சொல்லும் ‘ரன்னிங் ஃபீட்’ சரியான ஆங்கிலம்தான்; அகலத்தைக் கணக்கில் எடுக்காமல் நீளத்தை மட்டும் அடியில் அளப்பது.

டிவி போட்டிகளில் ‘இவர் வின்னர், அவர் ரன்னர்’ என்கிறார்கள். ‘ரன்னர்’ என்றால் ஓடுபவர். தரையில் விரிக்கும் நீளமான கம்பளத்துக்கும், தரையோடு படர்ந்து வேர்விடும் தண்டுக்கும்கூட அந்தப் பெயர் உண்டு. இரண்டாம் இடத்துக்கு ‘ரன்னர்-அப்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். பன்மையில் ‘ஸ்’ நடுவில் வரும்: ‘ரன்னர்ஸ்-அப்’.

‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றால் மூன்று நாள் ஓடினாரா?

தொடர்ந்து மூன்று நாள் என்று பொருள். ‘ஹி வாஸ் லேட் த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றால் மூன்று நாளும் வரிசையாகத் தாமதமாக வந்தார். ஓடியிருந்தால் ஒருவேளை நேரத்துக்கு வந்திருப்பார்.